பரு மருந்துக்குக் கேட்பது எப்போது?

போன வருடம் ஆடி மாதம், அக்கா மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். உள்ளே பதினொரு ட்யூப்கள். சில பாதி பிதுக்கியவை, சில இரண்டே நாள் பூசிவிட்டு மூடி வைத்தவை. "எதுக்குமே கேக்க மாட்டேங்குது சித்தி" என்றாள். அவளுக்கு 19 வயது. இரண்டு கன்னத்திலும் தாடையோரத்திலும் சிவந்த பருக்கள், நடுநடுவே பழைய பருக்கள் விட்டுப்போன கறுப்புத் திட்டுகள். கல்லூரி விட்டு வந்தால் விளக்கைப் பார்த்த மாதிரி உட்காரக்கூட மாட்டாள்.

இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு ட்யூபின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை ஃபோன் டார்ச் அடித்துப் படித்தோம். முன்பக்கத்தில் இருக்கும் பெரிய பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு தாளில் எழுதினேன். நான்கில் க்ளிண்டாமைசின். மூன்றில் மொமெட்டாசோன். ஒன்றில் க்ளோபெட்டாசால். ஒன்று கற்றாழை ஜெல். மீதி இரண்டில் ஒன்று அடாபலீன், இன்னொன்று பென்சாயில் பெராக்சைடு. இந்தக் கடைசி இரண்டும்தான் அவளுக்கு உண்மையில் உதவியிருக்கக்கூடியவை. எத்தனை நாள் பூசினாய் என்று கேட்டேன். ஒன்றை ஒன்பது நாள், இன்னொன்றை இரண்டு வாரத்துக்கும் குறைவாக. எரிச்சல் வந்ததும் நிறுத்தியிருக்கிறாள். மொமெட்டாசோன் கலந்ததை மட்டும் விட்டு விட்டு ஐந்து மாதம் பூசியிருக்கிறாள், ஏனென்றால் அதுதான் "உடனே கேட்டது".

நான் மருத்துவர் இல்லை. ஆனால் எனக்கும் 16 வயதில் ஆரம்பித்த பரு 25 வரை போகவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் நான் செய்த தவறுகளையே இவளும் வரிசையாகச் செய்துகொண்டிருந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். முகப்பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. 50 வருடத்துக்கு மேல் சோதித்துப் பார்த்தவைகூட உண்டு. விலை அதிகமில்லாதவையும் உண்டு. பிறகும் ஏன் இத்தனை பேருக்குக் கேட்பதில்லை என்றால், பெரும்பாலும் காரணம் காலக்கணக்குதான். தலைவலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் கேட்கும். காய்ச்சல் மாத்திரையும் அப்படித்தான். பருவையும் அதே கடிகாரத்தை வைத்துப் பார்க்கிறோம்.

பரு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு புரியும். முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது (பெண்களுக்கும் இவை உண்டு) அந்தச் சுரப்பி பெரிதாகி நிறைய எண்ணெய் சுரக்கிறது. அதே சமயம் மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிர்ந்து வெளியே வராமல் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. இந்த நிலையில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, முகம் வழவழப்பாகவே இருக்கும். அடைப்புக்குள் எண்ணெய் தேங்கியதும், எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா அங்கே பெருகுகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிர்த்துக் கிளம்பும்போதுதான் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம்.

கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பிலிருந்து கண்ணாடியில் தெரியும் பரு வரைக்கும் ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும் என்று தோல் மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். அதாவது தீபாவளியன்று காலையில் முளைத்து நிற்கும் பரு, ஆவணியிலேயே உள்ளே விழுந்துவிட்ட விதை. இன்றைக்கு ஆரம்பிக்கும் நல்ல மருந்து, இனி விழப்போகும் விதைகளைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை அவற்றின் பாட்டுக்கு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். பத்து நாளில் "கேக்கல" என்று நிறுத்துகிறவர், மருந்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. எட்டு வாரத்தில் கொஞ்சம், பன்னிரண்டு வாரத்தில் தெளிவாக, என்பதுதான் மருத்துவர்களே வைத்திருக்கும் அளவு.

கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடைப்பின் வாய் திறந்திருந்தால் அதில் உள்ள மெலனினும் காற்றுபட்ட எண்ணெயும் கறுப்பாகத் தெரிகின்றன. தேய்த்துக் கழுவினால் போகாது. "ஒழுங்கா மூஞ்சி கழுவுனா வராது" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுத்தான் நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறேன். தோல் வறண்டு வெடித்தது, பரு அப்படியே இருந்தது. காலையும் இரவும் மிதமான ஃபேஸ்வாஷ் போதும்.

இப்போது அந்த "உடனே கேட்கும்" களிம்புக்கு வருகிறேன். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால் எல்லாம் ஸ்டீராய்டுகள். சில தோல் நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் இவை அருமையான மருந்துகள். ஸ்டீராய்டு என்ன செய்யும் என்றால், அழற்சியை அமுக்கும், தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் நாலே நாளில் சிவப்பு அடங்கி, முகம் வெளுத்து, பளிச்சென்று ஆகும். மயிர்க்காலின் அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கிளம்பும். பயந்துபோய் மறுபடி பூசுவோம். இப்படியே மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, கன்னத்தில் பூனை முடி வளர்ந்து, நரம்பு நரம்பாகச் சிவப்பு இழைகள் தெரிய ஆரம்பிக்கும். ஸ்டீராய்டே புதிதாகப் பருவையும் கொண்டுவரும், எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தச் சேதத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் கெட்ட முகம்.

2011-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு. நாட்டின் 12 மையங்களில் முகத் தோல் கோளாறுக்காக வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 392 பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு. அதிலும் முதலிடத்தில் இருந்தது பருதான், புதிதாக வந்தது அல்லது இருந்தது அதிகமானது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் களிம்பைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. கடைக்காரர், தோழி, பக்கத்து வீட்டு அக்கா, அழகுநிலையத்தில் ஒருவர். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் போய் "பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே" என்று கேட்டால் கையில் வருவது இன்னமும் பல இடங்களில் இதுதான்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் ஊர் கடையில் முப்பது ரூபாய்க்குள் வாங்கினேன். ஐந்தாம் நாள் கல்லூரியில் எல்லோரும் "என்ன போட்டே?" என்று கேட்டார்கள். அந்த ஐந்தாம் நாளின் சந்தோஷம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதனால் இதில் மாட்டிக்கொண்ட யாரையும் நான் திட்ட மாட்டேன். மூன்று வருடம் என்னால் அதை விட முடியவில்லை. இதைப் படிக்கும் யாராவது மாதக்கணக்கில் இப்படிப் பூசிக்கொண்டிருந்தால், ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய பிறகு வரும் சில வாரங்கள் கஷ்டமாக இருக்கும். அதைச் சமாளிக்க வழி உண்டு, தனியாகச் செய்ய வேண்டாம். வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள்: "-சோன்", "-சால்" என்று முடியும் பெயர் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் முகத்தில் பூசாதீர்கள். அந்த முடிவு கொண்ட எல்லாமே ஸ்டீராய்டு என்று அர்த்தமில்லை, பூஞ்சை மருந்துகள் சிலவும் "-சால்" என்றுதான் முடியும். ஆனால் கேட்டுவிடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, எது கேட்கும்? அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி உட்பட எல்லா இடத்திலும் அடித்தளமாக வருபவை இரண்டு: ரெட்டினாய்டு, பென்சாயில் பெராக்சைடு.

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ குடும்பம். அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை. மயிர்க்காலின் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரச் செய்வதுதான் இவற்றின் வேலை, அதாவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பிலேயே கை வைப்பது. ட்ரெட்டினாயினைப் பருவுக்குக் கொண்டுவந்தவர் பிலடெல்பியாவின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன். 1971-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த மனிதரின் கதையில் ஓர் இருட்டு இருக்கிறது. ஹோம்ஸ்பர்க் சிறையில் இருந்த கைதிகள் மேல், பெரும்பாலும் கறுப்பின மக்கள், இருபது வருடங்களுக்கு மேல் பலவிதமான பொருள்களைச் சோதித்தவர் அவர். நம் குளியலறை அலமாரியில் இருக்கும் மருந்துக்குப் பின்னால் அவர்களின் முதுகுத் தோலும் இருக்கிறது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

இதைப் பூசுவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். பருவின் மேல் பொட்டு வைப்பது போல வைக்கக் கூடாது. நாளைக்கு எங்கே முளைக்கும் என்று நமக்குத் தெரியாது, எனவே பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகப் பரவ வேண்டும். முழு முகத்துக்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு. இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒன்று ஒன்று, தாடையில் ஒன்று என்று வைத்துத் தடவிவிட வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் விட்டுவிடலாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்ச்சரைசர், அதன் மேல் மருந்து. அக்கா மகள் முதல் நாளே ஒரு விரல் நீளத்துக்குப் பிதுக்கி அப்பியிருக்கிறாள், எரியாமல் என்ன செய்யும்? இன்னொன்று: முதல் மாதத்தில் சிலருக்குப் பரு கூடுதலாகத் தெரியும். மருந்து கெடுத்துவிட்டது என்று இங்கேதான் பெரும்பாலோர் விட்டு ஓடுகிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களும் ரெட்டினாய்டு தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் என்ற நல்ல மாற்று உண்டு. அது பரு விட்டுப்போன கறுப்புத் திட்டையும் சேர்த்துக் குறைக்கும் என்பதால் நம் நிறத்துக்கு ரொம்பப் பொருந்தும்.

பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது. இதன் பெரிய பலம், பாக்டீரியாக்கள் இதற்குப் பழகிக்கொள்வதில்லை. 10 சதவீதம் வாங்கினால் வேகமாகக் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். 2.5 சதவீதமே ஏறத்தாழ அதே பலனைத் தரும், எரிச்சல் குறைவு. வீட்டில் திட்டு வாங்கித் தரக்கூடிய ஒரு குணம் இதற்கு உண்டு: துணியை வெளுத்துவிடும். எங்கள் வீட்டு நீலத் துண்டில் இப்போது இரண்டு உள்ளங்கை அளவுக்கு ஆரஞ்சு நிறத் திட்டு இருக்கிறது. தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருப்பது நல்லது. அடாபலீனும் இதுவும் சேர்ந்த ஒரே ஜெல்லும் கிடைக்கிறது. ஒரே வேளையில் முடிந்துவிடும் என்பதால் விட்டுப்போகாமல் பூச அதுதான் எளிது.

அடுத்து ஆன்டிபயாடிக். பையில் நான்கு க்ளிண்டாமைசின் ட்யூப் இருந்ததே, அவை தப்பான மருந்துகள் இல்லை, தனியாகப் பூசியதுதான் தப்பு. க்ளிண்டாமைசினை மட்டும் மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், பிறகு கேட்காது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தால் அந்த ஆபத்து குறைகிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கும் இதே விதி. முதுகு, மார்பு என்று பரவியிருந்தாலோ பரு நிறைய இருந்தாலோ மருத்துவர் எழுதுவார். மூன்று நான்கு மாதத்துக்குள் நிறுத்திவிட்டுப் பூச்சு மருந்தை மட்டும் தொடர்வதுதான் முறை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் பெண்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. வெயிலும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும்.

பெண்களில் 20, 25 வயதுக்குப் பிறகும் தாடையோரத்திலும் கழுத்திலும் மாதவிலக்குக்கு முன்னால் கிளம்பும் பரு தனி ரகம். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, எடை கூடுவது எல்லாம் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களிம்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் இதற்குக் கேட்காது, ஏனென்றால் வேர் ஹார்மோனில் இருக்கிறது. கருத்தடை மாத்திரைகள் சிலவும், ரத்த அழுத்தத்துக்கென்று வந்த பழைய மருந்தான ஸ்பைரோனோலாக்டோனும் இங்கே உதவுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் ஸ்பைரோனோலாக்டோனைச் சோதித்த ஆய்வு 2023-ல் வெளியானது. 12 வாரத்தில் கிடைத்த முன்னேற்றம் சுமார்தான். 24 வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மறுபடியும் அதே கடிகாரம். இதை எடுக்கும்போதும் கர்ப்பம் ஆகக் கூடாது.

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் பயமும் அலட்சியமும் ஒரே அளவில் இருக்கின்றன. அமெரிக்காவில் கேரி பெக் என்ற மருத்துவர், தோல் செதில் செதிலாகத் தடிக்கும் நோய்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு எதற்கும் கேட்காத கட்டிப் பரு கொண்ட 14 பேருக்குக் கொடுத்தார். 13 பேருக்கு முழுசாகப் போய்விட்டது, மாத்திரையை நிறுத்திய பிறகும் திரும்பவில்லை. 1979-ல் அந்தக் கட்டுரை வந்தது, 1982-ல் மருந்துக்கு அனுமதி. அதற்கு முந்தைய தலைமுறையில் அமெரிக்காவில் பருவுக்கு எக்ஸ்-ரே கதிர் காட்டும் பழக்கமே இருந்தது, பின்னாளில் அது சிலருக்குத் தைராய்டு புற்றுநோயில் கொண்டுபோய் விட்டது. அந்த நிலையிலிருந்து பார்த்தால் இந்த மாத்திரை எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுவதால் பருவுக்கான காரணங்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடும் மருந்து இது ஒன்றுதான்.

கட்டி கட்டியாக வருபவர்களுக்கும், குழி விழ ஆரம்பித்தவர்களுக்கும், மற்ற மருந்துகளுக்குக் கேட்காதவர்களுக்கும், பருவால் மனம் ஒடிந்து வெளியே வராமல் இருப்பவர்களுக்கும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து. குழி விழுந்தபின் மாத்திரையால் அதை நிரப்ப முடியாது. அளவு உடல் எடையை வைத்து வருகிறது. மொத்தச் சிகிச்சைக்கும் சேர்த்து ஒரு கிலோ எடைக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான இலக்கு. 60 கிலோ உள்ளவர் தினமும் 30 மில்லிகிராம் எடுத்தால் 7,200 மில்லிகிராமைத் தொட 240 நாள், அதாவது எட்டு மாதம். நம் ஊரில் பல மருத்துவர்கள் 10, 20 மில்லிகிராம் என்று குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது, எண்ணெய் நெய் உள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். உதடு எல்லோருக்கும் காயும், சட்டைப் பையில் வாஸ்லின் இல்லாமல் இருக்க முடியாது. கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. டாக்ஸிசைக்ளினோடு சேர்க்கக் கூடாது. மனச்சோர்வு பற்றிய பயத்துக்குப் பதில்: மொத்தமாகப் பார்த்த ஆய்வுகள் பொதுவான அபாயம் கூடுவதாகக் காட்டவில்லை, ஆனால் தனி ஒருவரின் மனநிலை மாறினால் அதை வீட்டார் கவனித்து உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கர்ப்ப விஷயம் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்க முடியாதது. கர்ப்பத்தில் இந்த மாத்திரை உள்ளே போனால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் எல்லாவற்றிலும் கடுமையான குறைபாடு வரக்கூடும். ஆரம்பிக்கும் ஒரு மாதம் முன்பிலிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கர்ப்பம் ஆகவே கூடாது. நம் வீடுகளில் இதில் இரண்டு சிக்கல். ஒன்று, கல்யாணம் ஆகாத பெண்ணிடம் மருத்துவர் இதைக் கேட்டாலே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். எங்கள் அக்காவுக்கும் சுருங்கியது. மருந்துக்காகக் கேட்கும் கேள்வி அது, பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றியது இல்லை என்று பிறகு நான்தான் எடுத்துச் சொன்னேன். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் பல பெண்களைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போகிறார்கள். மாத்திரை ஆரம்பமாகிறது, கல்யாணம் முடிகிறது, மாத்திரை முடியவில்லை. புகுந்த வீட்டில் "விசேஷம் ஏதாவது உண்டா" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெண் தான் மாத்திரை சாப்பிடுவதையே அங்கே சொல்லியிருக்க மாட்டாள். கல்யாணத் தேதியை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு மருந்து தருவார், அல்லது கணக்குப் போட்டுத் தருவார்.

சில சமயம் கேட்காததற்குக் காரணம், அது பருவே இல்லை என்பது. நெற்றியில் முடியோரமாகவும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். சென்னை மாதிரி வியர்க்கும் ஊர்களில் இது சகஜம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் கூடும், பூஞ்சை மருந்துக்குச் சட்டென்று அடங்கும். நெற்றியில் மட்டும் வருகிறவர்கள் தலையில் வைக்கும் எண்ணெய் வழிகிறதா என்று பார்க்கலாம். காசநோய்க்கான ஐசோனியாசிட், வலிப்பு மருந்தில் சில, ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போன்றவையும் பரு மாதிரி கொப்புளம் கொண்டுவரும். அவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிய மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2007-ல் 43 இளைஞர்களை வைத்து நடந்த சோதனையில், சர்க்கரையை வேகமாக ஏற்றாத உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. மைதா, குளிர்பானம், இனிப்பு குறைவது எப்படியும் நல்லது. ஜிம்முக்குப் போகிறவர்கள் வே புரோட்டீன் பவுடரை இரண்டு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். மருந்துக்குப் பதிலாக இது நிற்காது. சந்தனம் குளிர்ச்சிக்குப் பூசினால் பூசிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் மட்டும் வேண்டாம். எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, பருவைவிடக் கறுப்பான தழும்பு வரும்.

தழும்பு என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கின்றன. விரலால் தடவினால் மேடு பள்ளம் இல்லாமல் வெறும் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது திட்டு. நம் மாதிரி மாநிறத் தோலில் பரு போனபிறகும் மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் மங்கும். தினமும் சன்ஸ்கிரீன் போட்டால் சீக்கிரம் மங்கும். கிள்ளாமல் இருந்தால் புதிது வருவது குறையும். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்தத் திட்டுகளைப் பார்த்துவிட்டு "இன்னும் போகல" என்று ஏமாந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. தடவும்போது பள்ளம் தட்டினால் அது குழி. அதற்கு ஊசி, லேசர், அமிலம் என்று வேறு சிகிச்சைகள், பரு முழுசாக அடங்கியபிறகு. நம் நிறத்துக்கு லேசரைத் தவறாகக் கொடுத்தால் கறுத்துவிடும் என்பதால், செய்பவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்தவரா என்று பலகையில் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். கூட்டம் இருக்கும், ஒரு காலை நேரம் போய்விடும். ஆனால் சரியான மருந்து கிடைக்கும்.

அங்கேதான் நாங்களும் போனோம், பதினொரு ட்யூபையும் எடுத்துக்கொண்டு. மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து நான்கை ஒதுக்கி, "இதெல்லாம் இனி முகத்துக்குக் கிடையாதும்மா" என்றார். முதல் ஆறு வாரம் ஸ்டீராய்டால் கெட்ட தோலை ஆற்றுவதற்கே போனது, வெறும் மாய்ஸ்ச்சரைசரும் சன்ஸ்கிரீனும் ஒரு மாத்திரையும். அந்த ஆறு வாரம் அவள் அழுத அழுகையை நான் பார்த்தேன். அப்புறம்தான் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல். தினமும் கண்ணாடி முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்காதே என்று சொல்லி, மாதம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டுக் கதவருகே அதே வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து வைத்தோம். முதல் மாதப் படமும் இரண்டாம் மாதப் படமும் ஒன்று போலவே இருந்தன. மூன்றாவதில் வலது கன்னம் தெளிய ஆரம்பித்திருந்தது. நான்காவது படத்தில் புதிய பரு தாடையில் இரண்டு மட்டும். திட்டுகள் இன்னும் இருக்கின்றன.

போன வாரம் காலியான ட்யூபை வாலிலிருந்து சுருட்டி, கத்தரியால் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். "அடுத்தது வாங்கணும் சித்தி, ரெண்டு நாளைக்குத்தான் வரும்" என்றாள்.